நத்தை இல்லாமலும்

காலை ஆறு மணிக்கு
மஞ்சள் முனை பிப்பெட்டால்
தட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன்.
இண்டு இடுக்கில்லாமல் நெருங்கி நின்ற செல்களுக்கு நடுவே
அரை மில்லிமீட்டர் வெட்டவெளி.
இனி ஆறு மணி நேரத்துக்கு ஒரு படம்.
கோடு எப்போது மூடுகிறது என்று பார்ப்பதுதான்
நான் சம்பளம் வாங்கும் வேலை.

பன்னிரண்டு மணிப் படம் எடுக்கும்போது
தரமணியில் நாற்பத்தொரு டிகிரி.
கத்திரி தொடங்கி நாலு நாள்.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு:
ஆள் இல்லாமல்
ஓர் உடம்பின் சூடு மட்டும்.

ஏ-31 என்பது அவள் பெயர்.
பெண், நாற்பத்தாறு, இடது மார்பு, எண்ணூர்.
'தொடர் சிகிச்சைக்கு வந்தாரா'
என்ற கட்டத்தில்
யாரோ நீல மையில் சின்னதாக
ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.
அது எத்தனை மணி நேரத்திலும் மூடாது.

மத்தியானம் ஒப்புதல் படிவத்தைத்
தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன்.
'உங்கள் திசுவில் ஒரு சிறு பகுதியை
ஆய்வுக்குத் தரச் சம்மதமா?
புற்றுநோய் எப்படி இடம்பெயர்கிறது என்று…'

ஆட்டோகிளேவிலிருந்து குடுவைகளை எடுத்துவந்த தேசம்மாள்
என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.
எழுத்துக்கூட்டித்தான், ஆனால் தப்பில்லாமல்.
"எடம்பெயருதா? இதையும் லாரியில ஏத்துனாங்களா மேடம்?"

கூவக்கரையில் இருபத்தாறு வருஷம்.
அரையாண்டுப் பரீட்சை நடுவே ஒரு காலை
மகன் கையில் புத்தகப் பை,
மீதி எல்லாம் லாரியில்.
இப்போது பெரும்பாக்கம், எட்டாவது மாடி.
லிஃப்ட் பாதி நாள் ஓடாது.
நான் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.

என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில்
ஓர் உவமை வைத்திருந்தேன்.
கைகோத்து நிற்கும் செல்கள்;
கேட்ஹெரின் என்ற புரதம்தான் அந்தக் கை;
அது குறையக் குறையப் பிடி விட்டு,
ஒவ்வொன்றாய் ரத்தத்தில் இறங்கி,
ஈரலிலோ எலும்பிலோ போய்க்
குடிசை போடும் என்று.
பேராசிரியர் வேதவல்லி ஓரத்தில்
'அழகு' என்று எழுதியிருந்தார்.

அழித்தேன்.
குடிசை போட்டவர்கள் யாரையும் கொல்லவில்லை.
அவர்கள் பிடி விடவும் இல்லை,
பிரித்தார்கள்.

படிவத்தில் 'பரவுதல்' என்று மாற்றினேன்.
பரவுதல் என்றால் தொழுதல் என்றும் உண்டு;
மனப்பாடச் செய்யுள் ஒப்பித்த நாக்கு
சும்மா இருக்குமா?
தேசம்மாளையே கேட்டேன்.
"பரவுதுன்னு போட்டா
தொத்துவியாதின்னு நெனச்சுக்குவாங்க.
வீட்ல தட்டு, டம்ளரைத் தனியா வச்சிருவாங்க."
குடுவையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.
"வேற எடத்துலயும் மொளைக்குதுன்னு போடுங்க."

விதை, மண் என்று
நூறு வருஷத்துக்கு முன்பே
ஒரு கட்டுரை பேசியிருக்கிறது.
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.
சொன்னால் அவள் சொல்
அவளுடையதாக இல்லாமல் போய்விடும்.

நள்ளிரவு. மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினொரு நொடி,
எண்ணினேன்.
பதினெட்டாம் மணிப் படம்.

ஸ்னெயில் என்று ஒரு மரபணு.
ஈக்களை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயர்:
நத்தை.
செல்களை ஓடச் சொல்வது அதுதான்.
மூன்று மாதம் உழைத்து
அதன் வாயை அடைத்திருந்தேன்.
இந்தத் தட்டில் ஒன்றும் நகரக் கூடாது.

லென்ஸுக்குக் கீழே
கோடு ஏறக்குறைய மூடியிருந்தது,
மணல் அடைத்த எண்ணூர் முகத்துவாரம்போல
நடுவில் ஒரு சிறு வழி மட்டும் விட்டு.
(உவமை வேண்டாம் என்றவளும் நான்தான்.)

ஏ-31,
வேறெந்தக் காலால் நடக்கிறாய்?

குறிப்பேட்டில் தேதி போட்டு
'நத்தை இல்லாமலும்' என்று எழுதினேன்.
இன்னும் எட்டுத் தட்டுகள்,
இன்னும் ஒரு மரபணு,
புதிய ரசாயனத்துக்கு ஆறு வாரக் காத்திருப்பு.

படிவத்தில் தேசம்மாளின் சொல்
பென்சிலில் இருக்கிறது.
கடைசிப் படம் ஆறு மணிக்கு.
அவள் பிடிக்கும் முதல் பஸ்
ஐந்தே காலுக்கு.